மிதிவண்டியும் மோட்டார் வாகனமும் ஒரே சாலையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சாலைகளில் மிதிவண்டியில் செல்வோருக்கும் மோட்டார் வாகனம் ஓட்டுவோருக்கும் இடையே நாள்தோறும் எழும் உரசல்களைப் பற்றி இரு தரப்பினரும் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன. சட்ட விவரங்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், அதன் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 2017இல் வெளியான வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் ஆகியவற்றைச் சார்ந்தவை.

முதன்மைச் சாலையில் மிதிவண்டி ஓட்டச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. மிதிவண்டி மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அதற்கு ஓட்டுநர் உரிமமோ பதிவெண்ணோ காப்பீடோ தேவையில்லை. ஆயினும் பொதுச் சாலையைப் பயன்படுத்தும் உரிமை அதை ஓட்டுபவருக்கு மற்றவர்களுக்கு இருப்பது போலவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என்று கூறுகின்றன. விதிவிலக்காக, நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சில விரைவுச் சாலைகளில் மெதுவான வாகனங்களுக்குத் தடை உண்டு. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் மிதிவண்டிகளும் செல்ல முடியாது; அவை பக்கத்திலுள்ள சர்வீஸ் சாலையில்தான் செல்ல வேண்டும். அத்தகைய அறிவிப்பு இல்லாத சாலையில், “இது சைக்கிள் ஓட்டும் இடமா?” என்று கேட்க எவருக்கும் அதிகாரம் இல்லை.

சாலை வரி கட்டாதவர்களுக்குச் சாலையில் என்ன உரிமை?

இந்தக் கேள்வி கோபத்தில் கேட்கப்படுவது என்றாலும் பொறுமையாகப் பதில் சொல்லத் தக்கது. மோட்டார் வாகன வரி என்பது சாலையில் இடம் வாங்குவதற்கான கட்டணம் அன்று. அது மாநில அரசின் பொது வருவாயில் சேர்கிறது. நம் வீட்டு வாசலில் தொடங்கும் தெருக்களையும் நகரச் சாலைகளையும் பெரும்பாலும் மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் பராமரிக்கின்றன. அவற்றுக்கான பணம் சொத்து வரியிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் வருகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அந்த வரியைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

சாலைக்கு நேரும் தேய்மானத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஓர் அச்சின் மீதான எடை இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது என்பது நெடுஞ்சாலைப் பொறியியலில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படும் கணக்கு. அந்தக் கணக்கில் மிதிவண்டி சாலைக்குச் செய்யும் சேதம் இல்லையென்றே சொல்லிவிடலாம். மேலும், நம் ஊர்களில் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர்களில் பலர் இரவுக் காவலர்கள், கொத்தனார்கள், தேநீர் விற்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள். பேருந்து ஓடாத நேரத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே வண்டி அதுதான். வரியைச் சொல்லி அவர்களை ஓரங்கட்டுவது நியாயம் ஆகாது.

ஓரமாகப் போகாமல் ஏன் சாலைக்குள் வருகிறார்கள்?

கார் ஓட்டுபவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் சாலையின் இடது ஓரம் காலியாகத்தான் தெரியும். இரண்டு மெல்லிய டயர்களின் மேல் செல்பவருக்கோ அது வேறு விதமான இடம். காற்றும் மழையும் ஒதுக்கிய மணல் அங்கே படிந்திருக்கிறது. மழைநீர் வடிகாலின் மூடிகள் சாலை மட்டத்துக்குக் கீழேயோ மேலேயோ நிற்கின்றன. கம்பி இடைவெளி சாலையின் போக்கிலேயே அமைந்த மூடியில் முன்சக்கரம் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய அடுக்குகள் போட்டுக்கொண்டு வந்ததால் பல சாலைகளின் விளிம்பு மண்தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. ஹாரன் சத்தத்துக்குப் பயந்து அந்த விளிம்பிலிருந்து மண்ணில் இறங்குபவர் கவிழ்கிறார். மீண்டும் ஏற முயன்று சக்கரம் வழுக்கினால் பின்னால் வரும் வாகனத்தின் பக்கமே சாய்கிறார். இவற்றோடு நிறுத்திவைத்த கார்கள், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்கள், கடைகளின் பலகைகள்.

ஆகவே விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் செல்வதே பாதுகாப்பானது. ஓரத்தை ஒட்டியே போகிறவர் ஒவ்வொரு தடையின்போதும் திடீரென்று வலப்புறம் வளைய நேர்கிறது. அந்த வளைவுதான் விபத்தை உண்டாக்குகிறது. ஒரு மீட்டர் உள்ளே செல்பவரைப் பின்னால் வருபவர் தொலைவிலேயே பார்க்கிறார். அவர் எங்கே போவார் என்றும் கணிக்க முடிகிறது. குறுகிய பாலத்திலும் ஒற்றைத் தடச் சாலையிலும் சில விநாடிகள் தடத்தின் நடுவிலேயே செல்வதுகூடச் சரியான முடிவாக இருக்கலாம். வழி அகன்றதும் இடப்புறம் ஒதுங்கி, பின்னால் காத்திருந்தவரை விட்டுவிடுவது மிதிவண்டி ஓட்டுபவரின் கடமை.

மிதிவண்டியை முந்தும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

நகர வேகத்தில் குறைந்தது ஒன்றரை மீட்டர். நெடுஞ்சாலையில் அதற்கு மேல். ஜெர்மனி 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. பிரிட்டன் 2022இல் திருத்திய நெடுஞ்சாலை நெறிகளும் நகர வேகத்துக்கு 1.5 மீட்டர் என்கின்றன. அந்தத் திருத்தம், அதிகச் சேதம் விளைவிக்கக்கூடிய வாகனத்தை ஓட்டுபவருக்கே அதிகப் பொறுப்பு என்ற படிநிலையையும் வகுத்தது. நம் நாட்டுச் சாலைகளுக்கும் பொருந்தக்கூடிய கொள்கை அது என்பது என் உறுதியான கருத்து.

இந்த அளவு எதற்கு என்றால், மிதிவண்டி ஓடும்போது நேர்கோட்டில் நிற்பதில்லை. சமநிலைக்காக இரு புறமும் சிறிது அசைந்துகொண்டே செல்கிறது. பள்ளத்தைத் தவிர்க்கவும் அதற்கு இடம் வேண்டும். பேருந்தோ லாரியோ அருகில் விரைந்து கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளுகிறது, பிறகு உள்ளே இழுக்கிறது. கேரியரில் தண்ணீர்க் குடமோ காய்கறி மூட்டையோ வைத்திருப்பவருக்கு இந்த இழுப்பே போதும்.

முந்த இடமில்லாவிட்டால் பின்னால் காத்திருக்க வேண்டும். அதில் எவ்வளவு நேரம் போகிறது என்பதைக் கணக்கிடலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டரைக் கடக்க 9 விநாடிகள். 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியின் பின்னால் அதே தொலைவுக்கு 24 விநாடிகள். இழப்பு 15 விநாடிகள். அடுத்த சிக்னலில் நிற்கும் நேரம் பெரும்பாலும் இதைவிடக் கூடுதல்.

ஹாரன் அடித்து எச்சரிப்பது நல்லதுதானே?

தொலைவிலிருந்து ஒருமுறை, சுருக்கமாக அடித்தால் உதவியாக இருக்கும். மிக அருகில் வந்து நீளமாக அடித்தால், மிதிவண்டி ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கிறார். திரும்பும்போது கைப்பிடியும் அதே பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் வண்டி உங்கள் வழிக்குள் வருகிறது.

வேகத்தைச் சிறிது குறைப்பதால் உண்மையில் என்ன மாறிவிடும்?

எல்லாம் மாறும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுமார் 18 மீட்டரில் நின்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருவது நிற்க சுமார் 48 மீட்டர் வேண்டும். அதாவது, 20 மீட்டர் முன்னால் ஒரு மாணவி மிதிவண்டியோடு விழுந்துவிட்டால், முதல் ஓட்டுநர் அவருக்கு முன்பாக நிறுத்திவிடுவார். இரண்டாமவர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த வேக வரம்புகளில் குடியிருப்புத் தெருக்களுக்கு எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்று இருப்பதன் பொருள் இதுதான்.

விபத்துகளில் மிதிவண்டிக்காரர்களின் பங்கு எவ்வளவு?

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் மிதிவண்டியில் சென்றவர்கள் ஏறத்தாழ 4,800 பேர். நடந்து சென்றவர்கள் 32,000க்கும் மேற்பட்டோர். இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள் மொத்தத்தில் 40 விழுக்காட்டுக்கும் மேல். அதே ஆண்டு தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்கு.

இதில் இருசக்கர மோட்டார் வாகன ஓட்டிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மிதிவண்டிக்காரர் மீது அதிகம் எரிச்சல் கொள்வோரில் அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சாலையில் அதிகமாகச் சாவதும் அவர்களே. பேருந்துக்கும் நடுச்சுவருக்கும் இடையில் நெருக்கப்படும்போது இருவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

மிதிவண்டி ஓட்டுபவர்கள் விதிகளை மதிப்பதே இல்லையே?

பலர் மதிப்பதில்லை என்பது உண்மை; அதை மறைப்பதால் அவர்களுக்கே நன்மை இல்லை. எதிர்த்திசையில் வருவதுதான் இருப்பதிலேயே கொடியது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரும் 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியும் ஒரே திசையில் சென்றால் நெருங்கும் வேகம் 35 கிலோமீட்டர். எதிரெதிரே வந்தால் 65. பக்கத் தெருவிலிருந்து இடப்புறம் திரும்புகிறவர் வலப்பக்கம்தான் பார்ப்பார்; இடப்பக்கத்திலிருந்து வரும் மிதிவண்டி அவர் கண்ணிலேயே படாது. எனினும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நடுச்சுவர் கட்டிய சாலைகளில் ஒரு கிலோமீட்டருக்கும் இரண்டு கிலோமீட்டருக்கும் ஒருமுறைதான் திரும்ப வழி இருக்கிறது. எதிர்ப்புறக் கடைக்குப் போக, மிதிக்கும் கால்களோடு நான்கு கிலோமீட்டர் வரை சுற்று. சாலையை வரைந்தவர் மோட்டாரின் கால்களை மட்டுமே எண்ணி வரைந்திருக்கிறார். பிழை அங்கே தொடங்குகிறது என்றாலும், அதற்காக எதிர்த்திசையில் ஓட்டுவது சரியாகிவிடாது. குறுக்கு நடைபாதையில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது நல்லது.

அடுத்தது விளக்கு. முன்பு டைனமோ விளக்கு இல்லாமல் இரவில் ஓட்டினால் காவலர்கள் நிறுத்தி அபராதம் போட்டார்கள்; அந்தப் பழக்கம் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று ஒரு சிவப்புப் பின்விளக்கு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் இயலாதவர் பின் மட்கார்டிலும் பெடலிலும் ஒளி பிரதிபலிக்கும் ஒட்டுப்பட்டை ஒட்டலாம். பெடலில் ஒட்டுவது தனிப் பயன் தரும். மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டதும் முன்னால் போவது மிதிவண்டி என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடுகிறது. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதை ஒருபோதும் ஏற்க இயலாது; கண்ணாடி இல்லாத வண்டியில் பின்பக்கத்தை அறியும் வழி காது ஒன்றே.

லாரி, பேருந்து அருகில் எப்படிச் செல்ல வேண்டும்?

சிக்னலில் நிற்கும் லாரியின் இடப்பக்கத்தில் புகுந்து முன்னேறவே கூடாது. உயரமான ஓட்டுநர் இருக்கையிலிருந்து இடது முன்சக்கரத்தை ஒட்டிய பகுதி தெரியாது. லாரி இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போவதில்லை. இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வருகின்றன. முன்பகுதி கடந்துவிட்டது என்று நினைத்து நிற்பவர் மீது பின்சக்கரம் ஏறுவது இப்படித்தான். ஓட்டுநருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தத்தில் பேருந்தின் இடப்புறமாக நுழைவதும் அதே அளவு ஆபத்து. அது இறங்கும் பயணிகளின் வழி.

கார்க் கதவைத் திறப்பதில் என்ன கவனம் வேண்டும்?

ஓட்டுநர் வலது கதவை இடது கையால் திறந்தால் உடல் தானாகத் திரும்பி, கண் பின்பக்கச் சாலையைப் பார்க்கும். வாடகைக் காரிலும் ஆட்டோவிலும் நடுச்சாலையில் நிறுத்திவிட்டு இடப்புறம் இறங்குபவர்கள் அந்த இடைவெளியில் மிதிவண்டி வருகிறதா என்று பார்ப்பதே இல்லை. ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தினால் இந்தச் சிக்கலே எழாது. மிதிவண்டியில் செல்பவர் நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே செல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகச் செல்பவர்களைப் பற்றி?

விடியற்காலையில் உடற்பயிற்சிக்காகச் செல்லும் குழுக்கள் மீது எழும் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. மூவர் நால்வராகப் பக்கவாட்டில் பேசிக்கொண்டே செல்வது தவறு. ஆனால் இருபது பேர் ஒற்றை வரிசையில் நீண்டு செல்வதைவிட, இருவர் இருவராகச் சிறு குழுக்களாகப் பிரிந்து, இடையில் கார் நுழைய இடம் விட்டுச் செல்வது முந்துபவருக்கும் எளிது. பின்னால் வாகனம் வந்தால் கடைசியில் வருபவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒற்றை வரிசையாக வேண்டும்.

தலைக்கவசம் கட்டாயமா?

மிதிவண்டிக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. அணிவது நல்லது, கீழே விழும்போது தலையைக் காக்கும். விரைந்து வரும் லாரியிடமிருந்து அது காப்பாற்றாது. எனவே விபத்தில் இறந்தவர் கவசம் அணியவில்லை என்பதை மோதியவரின் சமாதானமாக ஏற்கக் கூடாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி தருகிறதே, அவர்களுக்கான சாலை எங்கே?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005-06இல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றுக்கொண்டு பிறர் துணையின்றி வெளியே சென்றார்கள். வண்டியைக் கையில் கொடுத்த அரசு, அது ஓட வேண்டிய சாலையை நான்கு வழியாகவும் ஆறு வழியாகவும் அகலமாக்கியபோது, வண்டி பெற்ற மாணவி அதைக் கடப்பது எப்படி என்று கேட்கத் தவறிவிட்டது.

பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் அருகிலுள்ள சாலையில் கனரக வாகனங்களைத் தடுக்கலாம். வேகத்தடையும் உயர்த்திய குறுக்கு நடைபாதையும் அமைக்கலாம். நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அதைத் தொடர்ந்து பெற்றோர் தெருவில் இறங்கி, குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்று போராடினார்கள். இன்று நாம் வியக்கும் அந்நாட்டு மிதிவண்டித் தடங்கள் பல அந்தப் போராட்டத்துக்குப் பின் வந்தவை.

தனித் தடம் போட்டாலும் யாரும் பயன்படுத்துவதில்லையே?

வண்ணம் பூசிய தடத்தில் கார்கள் நிற்கின்றன, தள்ளுவண்டிகள் நிற்கின்றன, மாடும் நிற்கிறது. பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது? சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. மிதிவண்டித் தடங்களின் அகலம், சந்திப்புகளில் அவை அமைய வேண்டிய விதம் ஆகியவற்றை சாலை வடிவமைப்புத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி விளக்குகிறது. வெறும் கோடு போதாது. தடத்தைப் பிரிக்கும் விளிம்புக்கல் வேண்டும், அது நூறு மீட்டரில் முடியாமல் சந்திப்பையும் தாண்டித் தொடர வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல் எவரும் செல்லாத தெருவில் தனித் தடமே தேவைப்படாது.

உரசிவிட்டுப் போனவருடன் நின்று சண்டையிடலாமா?

வேண்டாம். பதிவெண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அச்சுறுத்தல் இருந்தால் 112ஐ அழையுங்கள். கண்ணாடியைத் தட்டுவதும் வழிமறிப்பதும் உங்கள் பக்கத்து நியாயத்தைக் கெடுத்துவிடும். ஆபத்தாக முந்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டுதலாகக் கருதப்படும்.

விபத்து நேர்ந்துவிட்டால்?

முதலில் 108. மோதிய ஓட்டுநர் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது 134ஆம் பிரிவு விதிக்கும் கடமை. உதவிக்கு வரும் வழிப்போக்கருக்கு 134-அ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது; தம் விவரங்களைத் தர அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டத்தின்கீழ், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

மிதிவண்டி ஓட்டுபவர் காப்பீடு எடுத்திருக்கத் தேவையில்லை. மோதிய வாகனத்தின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து அவருக்கு இழப்பீடு கிடைக்கும். யார் தவறு என்று நிரூபிக்காமலேயே 164ஆம் பிரிவின்கீழ் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாயும் கோரலாம். வருமான இழப்பு முதலியவற்றைக் கணக்கிட்டு அதிகம் கோருவதானால் 166ஆம் பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். 2019 திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால் காலம் தாழ்த்தாமல் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்திலிருந்து பெறலாம். எல்லாவற்றுக்கும் முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும். நெளிந்துபோன மிதிவண்டியைப் படம் எடுக்கும் முன் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பள்ளம், உடைந்த மூடி, எரியாத தெருவிளக்கு ஆகியவற்றை யாரிடம் சொல்வது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913. மற்ற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகம்; மாநில நெடுஞ்சாலைக்கு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி வழியில் உள்ள இடமானால் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் நேரில் மனுவாகக் கொடுங்கள். பள்ளத்தின் படத்தோடு, அவ்வழியே தினமும் எத்தனை மாணவர்கள் மிதிவண்டியில் வருகிறார்கள் என்ற எண்ணிக்கையையும் இணையுங்கள்.